பெரியம்மாவைத் தள்ளிக்கொண்டு ஊர் சுற்றிய கணக்கு: சக்கர நாற்காலியோடு சிங்கப்பூரில் காசில்லாமல் எங்கே போகலாம்?

"அக்கா, அப்பா ஊரிலிருந்து வருகிறார். பக்கவாதம் வந்ததிலிருந்து நடக்க முடியாது. எனக்கு ரெண்டே நாள்தான் லீவு. எங்கே கூட்டிப்போகட்டும்?"

வருடத்துக்கு நாலைந்து பேராவது இதே கேள்வியோடு வருகிறார்கள். பள்ளி விடுமுறை நெருங்கினால் இன்னும் அதிகம். கூடவே கொஞ்சம் தயங்கி, செலவில்லாத இடமாகச் சொல்லுங்கள் என்பார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விமான டிக்கெட், பயணக் காப்புறுதி, நாற்காலி வாடகை என்று அதற்குள் கையிருப்பு கரைந்திருக்கும்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் பெரியம்மாவைத் தள்ளிக்கொண்டு போய்க் கற்றுக்கொண்டதுதான். கும்பகோணத்திலிருந்து வந்து மூன்று வாரம் எங்கள் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் தங்கினார். இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆனவர், பத்தடி நடப்பார், அதற்கு மேல் நாற்காலிதான். எடை எழுபது கிலோவுக்குக் குறையாது (இதைப் படித்தால் என்னை விடமாட்டார்). தள்ளியது நான், வார இறுதியில் மட்டும் என் கணவர். இலவசம் என்று சொல்லப்படுகிற இடங்களில் எது நிஜமாகவே இலவசம், எதற்கு வேறு வழியில் பில் வரும் என்பது அந்த மூன்று வாரத்தில் என் தோள்பட்டைக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது.

## முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

இணையத்தில் "சக்கர நாற்காலி போகும்" என்று போட்டிருந்தால் அதை மட்டும் நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். போகும்தான். யார் தள்ளினால் போகும் என்பதை யாரும் எழுதுவதில்லை.

சரிவு. இந்த ஊரில் படிக்கட்டு அவ்வளவு பெரிய தொல்லை இல்லை, தேடினால் எங்கேயாவது ஒரு லிஃப்ட் கிடைக்கும். சரிவுதான் ஆளைக் கொல்லும். பாட்டரி நாற்காலி என்றால் இந்தக் கவலையை விட்டுவிடலாம். கையால் தள்ளுவது என்றால், ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது அதைவிட மோசம், நாற்காலி நம்மை இழுத்துக்கொண்டு ஓடும். செங்குத்தான இறக்கத்தில் நாற்காலியைத் திருப்பி, நீங்கள் முன்னால் போய், பின்பக்கமாக இறக்குங்கள். உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிந்து விழமாட்டார்.

கடைசி 300 மீட்டர். எல்லா எம்ஆர்டி (நகர ரயில்) நிலையத்திலும் படியில்லாத வழி ஒன்றாவது இருக்கிறது. ஆனால் லிஃப்ட் இருக்கும் வாசல் நீங்கள் போக வேண்டிய திசைக்கு நேர் எதிரில் இருக்கலாம். நடப்பவருக்கு மூன்று நிமிடம், நாற்காலிக்குப் பதினைந்து நிமிடம்.

கழிப்பறை. அகலக் கதவு, கைப்பிடி, திருப்ப இடம். இது எத்தனை நிமிடத் தூரத்தில் இருக்கிறது? வயதானவர்கள் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடுவார்கள், இந்த ஊர் வெயிலில் அது ஆபத்து. ஒரு பேரங்காடியில் அந்தக் கழிப்பறையைத் திறந்தால் உள்ளே துடைப்பமும் வாளியும் அட்டைப்பெட்டியும் அடுக்கி வைத்திருந்தார்கள். பெரியம்மாவே சிரித்துவிட்டார்.

நிழல், மழை. தள்ளுகிறவருக்கு இரண்டு கையும் வேலையாக இருக்கும், குடை பிடிக்க முடியாது. மழைக்கோட்டு இரண்டு கட்டாயம்.

உட்கார்ந்த கண்ணுக்கு என்ன தெரிகிறது. இதை நானே முதல் நாள் யோசிக்கவில்லை. நான் நின்றுகொண்டு "ஆகா" என்கிறேன், பெரியம்மா கண் முன்னால் கைப்பிடிக் கம்பி. ஓர் இடத்தை முடிவு செய்வதற்கு முன் அங்கே எடுத்த படங்களைப் பாருங்கள், தடுப்புச் சுவர் எந்த உயரம், மக்கள் நின்று பார்க்கிறார்களா உட்கார்ந்தா என்று.

அப்புறம் மறைமுகச் செலவு. ரயிலோ பஸ்ஸோ, ஆளுக்கு ஒரு வழிக்கு ஏறக்குறைய ஒன்றிலிருந்து இரண்டரை வெள்ளியில் (சிங்கப்பூர் டாலர்) முடியும். வெளிநாட்டு வங்கி அட்டையைத் தட்டினால் சிறு நிர்வாகக் கட்டணம் சேரும். மடக்கும் நாற்காலி சாதாரண டாக்சியின் பின்பெட்டியில் போய்விடும். மடங்காத பாட்டரி நாற்காலி என்றால் மேக்ஸி கேப் என்னும் பெரிய டாக்சிதான், முன்பதிவு செய்ய வேண்டும், சாதாரண டாக்சியைப் போல இரண்டு மடங்குக்கு மேல்கூட ஆகும். "இலவச" மாலையின் விலையை முடிவு செய்வது பெரும்பாலும் இந்த ஒரு விஷயம்தான். ஒரு மழை நாளில் இரண்டு டாக்சிகள் நாற்காலியைப் பார்த்ததும் நிற்காமல் போய்விட்டன. மூன்றாவது வரும்வரை நாற்பது நிமிடம் நின்றோம்.

இன்னொரு பொறி: தேசிய அருங்காட்சியகம், இந்திய மரபுடைமை நிலையம் போன்றவற்றை இலவசம் என்று நண்பர்கள் சொல்வார்கள். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான் இலவசம். ஊரிலிருந்து வரும் அப்பாவுக்குச் சீட்டு வாங்க வேண்டும்.

## மரினா பே: ஒரே ஒரு மாலைதான் இருக்கிறது என்றால்

சிட்டி ஹால் நிலையத்திலிருந்து நிலத்தடிக் கடைத்தெரு வழியாகவே எஸ்பிளனேட் கலை அரங்கம் வரை குளிர்சாதனத்தில் வந்துவிடலாம். எஸ்பிளனேடுக்குள் நல்ல கழிப்பறை, உட்கார இடம், அதிர்ஷ்டம் இருந்தால் இலவசக் கச்சேரி. நவம்பர் வாக்கில் வந்தால் அங்கே நடக்கும் கலா உற்சவம் என்ற இந்தியக் கலை விழாவில் டிக்கெட் இல்லாத நிகழ்ச்சிகளும் உண்டு.

வெளியே வந்ததும் ஜுபிலி பாலம். 2015ல் திறந்தார்கள், அகலம், படியே கிடையாது. சிங்கத் தலையும் மீன் உடலுமாக நிற்கும் மெர்லயன் சிலையைப் பார்க்கச் சரியான இடம் இந்தப் பாலம்தான் என்பேன். சிலைக்குப் பக்கத்தில் போனால் சுயபடம் எடுக்கும் கூட்டத்தில் நாற்காலி மாட்டிக்கொள்ளும், முதுகுகளைத்தான் பார்க்கலாம். பாலத்தில் நிறுத்தினால் சிங்கமும் அது துப்பும் தண்ணீரும் எதிரே மூன்று கோபுர ஹோட்டலும் ஒரே பார்வையில் கிடைக்கும். பெரியம்மா சிங்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மீன் வாலா வச்சிருக்காங்க? நம்ம கோயில் யாளிக்குத் தும்பிக்கை வச்ச மாதிரி" என்றார்.

விரிகுடாவைச் சுற்றி வர ஏறக்குறைய மூன்றரைக் கிலோமீட்டர். முழுச் சுற்றுக்கு ஆசைப்படாதீர்கள். மிதக்கும் மேடை இருந்த பக்கம் என்எஸ் ஸ்குவேர் கட்டுமானத்துக்காகத் தடுப்பு போட்டு வழி மாற்றியிருப்பார்கள், அந்தச் சுற்றுவழியில் நாற்காலியைத் திருப்பி எடுத்து வருவது வீண் உழைப்பு. மெர்லயனிலிருந்து ஃபுல்லர்ட்டன் பக்கமாகக் கரையோரமே போனால் பெரும்பாலும் சமதளம். அதுவும் முடியாது என்றால் ரயிலேறி பேஃப்ரண்டில் இறங்குங்கள். ஹீலிக்ஸ் பாலம் பிரபலம்தான், 280 மீட்டர், தரையும் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் உட்கார்ந்து பார்த்தால் அந்த இரும்புச் சுருள்கள் பார்வையை வெட்டிக்கொண்டே வரும். என்னைக் கேட்டால் ஜுபிலிதான்.

இரவு 8 மணிக்கும் 9 மணிக்கும், வெள்ளி சனியில் 10 மணிக்கும் மரினா பே சேண்ட்ஸ் முன்னால் ஸ்பெக்ட்ரா தண்ணீர், ஒளிக் காட்சி நடக்கும். பதினைந்து நிமிடம், காசில்லை. இங்கே செலவு நேரம்தான். அரை மணி முன்னால் போய் முன்வரிசையில் நாற்காலியை நிறுத்தாவிட்டால், இசை ஆரம்பித்ததும் எல்லோரும் எழுந்து நிற்பார்கள், உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. முடிந்ததும் உடனே கிளம்பாதீர்கள். பேஃப்ரண்ட் நிலையத்து லிஃப்டுக்குக் குழந்தைத் தள்ளுவண்டிகளோடு வரிசை நிற்கும். பத்து இருபது நிமிடம் காற்றாடிவிட்டுப் போனால் காலியாக இருக்கும்.

தண்ணீர் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். அந்தக் கரையில் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கும் காசுக்குக் கோப்பிக்கடையில் இரண்டு பேர் தேநீர் குடிக்கலாம்.

## கரையோரப் பூந்தோட்டங்கள்: கழுத்து ஒத்துழைத்தால்

ஆங்கிலத்தில் கார்டன்ஸ் பை தி பே. இதன் வெளித்தோட்டம் இலவசம், கண்ணாடிக் கூடாரங்கள், மேலே போகும் நடைபாலம் போன்ற சிலவற்றுக்குத்தான் கட்டணம். பேஃப்ரண்டிலிருந்து நிலத்தடி வழி, லிஃப்ட், பிறகு தார்ச்சாலை மாதிரி வழவழப்பான பாதை. தள்ளுவதற்கு இவ்வளவு சுகமான இடம் ஊரில் குறைவு.

25 மீட்டரிலிருந்து 50 மீட்டர் வரை உயரமான அந்தச் செயற்கை மரங்களில் தினமும் 7:45க்கும் 8:45க்கும் ஒளியும் இசையும். ஸ்பெக்ட்ராவோடு ஒப்பிட்டால் இது நாற்காலிக்காரருக்கு நியாயமான காட்சி. எல்லோரும் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும், பாதிப் பேர் தரையில் படுத்திருப்பார்கள். யாரும் யாரையும் மறைப்பதில்லை. ஒரே குறை, கால் மணி நேரம் அண்ணாந்தால் வயதானவருக்குக் கழுத்து பிடிக்கும். விமானத்தில் போடும் கழுத்துத் தலையணையை எடுத்துப் போய் நாற்காலியை மரத்தடியிலிருந்து தள்ளி நிறுத்துங்கள், அவ்வளவு அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்காது.

7:45 காட்சியை இங்கே பார்த்துவிட்டு, மெதுவாகத் திரும்பி, 9 மணி ஸ்பெக்ட்ராவுக்கு விரிகுடாவுக்கு வந்துவிடலாம். ஒரே மாலையில் இரண்டும் முடியும். பகலில் போக வேண்டாம். அந்த வெயிலில் இரும்புக் கைப்பிடி சுடும்.

## பூமலை: அவசரமில்லாதவர்களுக்கு

தாவரவியல் பூங்காவைப் பூமலை என்று சொல்லும் பழக்கம் நம் ஆட்களிடம் இன்னும் இருக்கிறது, எனக்கும் அதுதான் வாயில் வரும். 1859ல் தொடங்கியது, 2015ல் யுனெஸ்கோ மரபுடைமைத் தலமானது. காலை 5 மணியிலிருந்து நள்ளிரவு வரை திறந்திருக்கும். உள்ளே ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் கட்டணம். அது மேட்டில் இருக்கிறது, அதனால் காசு இருந்தாலும் ஒரு தடவை யோசியுங்கள்.

எந்த வாசலில் நுழைகிறீர்கள் என்பதில்தான் இங்கே எல்லாம் இருக்கிறது. தாவரவியல் பூங்கா எம்ஆர்டியில் இறங்கி புக்கிட் தீமா வாசல் வழியாகப் போனால் ஏரிப் பக்கம் சமம்தான், ஆனால் நடுப்பகுதிக்கு வரத் தொடர்ந்து ஏற வேண்டும். நான் முதல் தடவை அப்படித்தான் போனேன். பாதி வழியில் பெரியம்மா "நான் வேணா இறங்கி நடக்கட்டுமா" என்று கேட்கும் நிலைக்கு வந்துவிட்டேன். இரண்டாம் முறை 2022ல் திறந்த நேப்பியர் நிலையத்தில் இறங்கி டாங்லின் வாசல் வழியாகப் போனோம். அன்னக்குளம், இசை மேடை, ஐந்து வெள்ளி நோட்டில் இருக்கும் அந்தத் தெம்புசு மரம், எல்லாம் இந்தப் பக்கம். கையில் நோட்டை வைத்துக்கொண்டு மரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது காசில்லாத விளையாட்டு.

நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இங்கே சொல்ல ஒரு கதையும் உண்டு. 1877ல் இந்தத் தோட்டத்துக்கு ரப்பர் கன்றுகள் வந்தன. பிறகு இங்கே பொறுப்பேற்ற ரிட்லி என்பவர் மரத்தைக் கொல்லாமல் பால் எடுப்பது எப்படி என்று சோதித்துப் பார்த்து, நடுங்கள் நடுங்கள் என்று தோட்டக்காரர்களைத் துரத்தினார். மலாயா முழுக்க ரப்பர் தோட்டம் வந்தது, அங்கே பால் வெட்ட நம் ஊர்களிலிருந்து ஆட்கள் கப்பல் ஏறினார்கள். பெரியம்மாவின் தாத்தாவுடைய அண்ணன் அப்படிப் போய்த் திரும்பாதவர். இதைச் சொன்னதும் பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "அந்த மரம் எங்க இருக்கு, காட்டு" என்றார்.

மறைமுகச் செலவு என்று பார்த்தால் கிட்டத்தட்ட இல்லை. கொசுத்தைலம், மழைக்கோட்டு, வீட்டில் கட்டிய எலுமிச்சை சாதம். ஆனால் இடி இடித்தால் கூரைக்கு ஓட வேண்டும், நாற்காலியோடு ஓட முடியாது. மதிய மழை வருவதற்குள், காலை 7 முதல் 10 மணிக்குள் போய் வந்துவிடுங்கள்.

## தேக்கா: மதிப்பெண் குறைவு, ஆனாலும்

என் அளவுகோல்களில் தேக்கா, அதாவது லிட்டில் இந்தியா, கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் தோற்கும். கடைகளின் முன்னால் கூரையடியில் ஓடும் ஐந்தடிப் பாதைகள் கடைக்குக் கடை ஒரு உயரம். இங்கே ஒரு படி, அங்கே ஒரு சாய்வு, நடுவில் வெங்காய மூட்டை. காய்கறிக் கடைகள் இருக்கும் பஃபலோ சாலைப் பக்கம் நாற்காலி நுழைந்தால் போக்குவரத்தே நின்றுவிடும். சாக்கடை மூடிக் கம்பிகளில் முன்சக்கரம் சிக்கும், நாற்காலியைப் பின்னால் சாய்த்து முன்சக்கரத்தைத் தூக்கித்தான் தாண்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சுலபமாகப் பார்க்கக்கூடியவை என்றால், வாகனம் போகாத கேம்பல் லேன், கெர்பாவ் சாலையில் 1900ல் கட்டிய அந்தப் பல வண்ண டான் டெங் நியா வீடு (வெளியிலிருந்துதான் பார்ப்பது, படமெடுக்க நல்ல இடம்), தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் சிராங்கூன் சாலை விளக்குகள். கோயில்களில் வெளிச் சக்கரம் வாசல்படி தாண்டலாமா, சக்கரத்தைத் துடைத்தால் போதுமா என்பது கோயிலுக்குக் கோயில் வேறு. போகும் முன் கோயில் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இவ்வளவும் தெரிந்தே ஒரு ஞாயிறு மாலை பெரியம்மாவை அழைத்துப் போனேன், அவர் விடவில்லை. ஒரு கடை வாசலில், முழங்கால் உயரப் படிக்கு முன்னால் வசமாக மாட்டிக்கொண்டோம். முன்னாலும் போக முடியாது, பின்னால் கூட்டம். நான் யாரையும் கூப்பிடவில்லை. வேலை உடுப்பில் இருந்த இரண்டு பையன்கள் வந்து, "அக்கா, நீங்க பின்னாடி பிடிங்க" என்று ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வைத்துவிட்டார்கள். பெரியம்மா விடுவாரா? "எந்த ஊரு தம்பி?" புதுக்கோட்டைப் பக்கம். எந்தத் தெரு, அப்பா என்ன பண்றார், கல்யாணம் ஆச்சா, மாசம் எவ்வளவு அனுப்புற. இருபது நிமிடம் அந்த ஐந்தடிப் பாதையை மறித்துக்கொண்டு பேச்சு. மூன்று வாரத்தில் அவர் அவ்வளவு சத்தமாகப் பேசியது அன்றுதான்.

ஆகவே தேக்காவைக் கழித்துவிடாதீர்கள். இரண்டு பேர் துணைக்கு இருந்தால், வார நாள் காலையில், ஒன்றரை மணி நேரத்துக்கு. தனியாகத் தள்ளுகிறவர் என்றால் வேண்டாம்.

## ஜுவல்: மழைநாள் கைக்காவல்

2019ல் திறந்த சாங்கி விமான நிலையத்து ஜுவலில் 40 மீட்டர் உயர உள்ளரங்க நீர்வீழ்ச்சி, சுற்றிலும் காடு. மேல்மாடிப் பூங்காவின் சில பகுதிகளுக்குக் கட்டணம், மற்றதெல்லாம் சும்மா. சரிவு இல்லை, கழிப்பறைக்குப் பஞ்சமில்லை, மழை வந்தால் கவலையில்லை. அருவியைத் தாண்டிப் போகும் முனைய ரயிலும் இலவசம். வாசனையும் வெயிலும் இல்லாத சுத்தமான இடம், அதனால்தானோ என்னவோ எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. ஆனால் வந்திறங்கும் நாளிலோ கிளம்பும் நாளிலோ இரண்டு மணி நேரம் கையில் இருந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். தனியாகப் பயணம் செய்து போய்ப் பார்க்க வேண்டுமா? மழைக்காலத்தில் மட்டும். கடைகள் நிறைந்த இடம், "ஒரே ஒரு ஐஸ்கிரீம்" என்று ஆரம்பித்து நாற்பது வெள்ளியில் முடிந்த மாலை எங்களுக்கு உண்டு.

## தெற்கு மலைத்தொடர் வன நடை: பாட்டரி நாற்காலிக்காரர்களுக்கு

2008ல் திறந்த 1.3 கிலோமீட்டர் இரும்பு மேம்பாதை, மரங்களின் தலை உயரத்தில் போகும். மெல்லிய சரிவாக வளைத்து வளைத்துக் கட்டியிருக்கிறார்கள், காட்டுக்குள் நாற்காலியோடு போக இதைவிட நல்ல வழி இல்லை. அருகிலேயே சாலையிலிருந்து 36 மீட்டர் உயரத்தில் ஹென்டர்சன் வேவ்ஸ் பாலம்.

இடறுவது அங்கே போய்ச் சேருவதில்தான். ஹென்டர்சன் சாலை பஸ் நிறுத்தத்தில் இறங்கிவிட்டு "பாலம் தலைக்கு மேலே தெரிகிறதே" என்று சந்தோஷப்படாதீர்கள், அங்கிருந்து மேலே போவது படிக்கட்டு. துறைமுக முனை (ஹார்பர்ஃப்ரண்ட்) பக்கத்து மராங் பாதையும் படிகள்தான். டாக்சியில் தெலுக் பிளாங்கா மலைப் பூங்கா வரை மேலேயே போய்விட வேண்டும், திரும்பும்போது அங்கே டாக்சி வரவழைக்கவும் வேண்டும். மேம்பாதையில் நடுவே கழிப்பறையும் இல்லை. கையால் தள்ளுபவருக்கு நான் சொல்லமாட்டேன், மெல்லிய சரிவும் ஒரு கிலோமீட்டர் நீண்டால் மெல்லியதாக இருக்காது. பராமரிப்புக்காக மூடியிருக்கிறார்களா என்று தேசிய பூங்காக் கழகத்தின் தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

## பஸ்: இலவசம் இல்லை, ஆனால் கிட்டத்தட்ட

ஊர் சுற்றிக்காட்டும் மாடி பஸ்ஸுக்குக் கொடுக்கும் காசில் பத்துப் பதினைந்து தடவை சாதாரண பஸ்ஸில் போகலாம். 2020 முடிவிலிருந்து எல்லாப் பொதுப் பேருந்தும் சக்கர நாற்காலி ஏறும் வகைதான். நிறுத்தத்தில் ஓட்டுநர் கண்ணில் படும்படி நில்லுங்கள். அவர் இறங்கி வந்து பின்கதவில் சரிவுப் பலகையை விரித்துப் போடுவார். உள்ளே நாற்காலியைப் பின்பக்கம் பார்த்தபடி சாய்மானத்தோடு ஒட்டி நிறுத்தி, பிரேக் போட்டுவிட்டு, இறங்க வேண்டிய இடத்துக்கு முன் அங்கிருக்கும் நீல மணியை அழுத்த வேண்டும். பாட்டரி நாற்காலி 70 செ.மீ. அகலம், 120 செ.மீ. நீளத்துக்குள் இருக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. இரண்டடுக்கு பஸ்ஸில் நாற்காலிக்குக் கீழ்த்தளம்தான். பின்பக்கம் பார்த்து உட்காருவதால் ஊர் தலைகீழாக விலகிப் போகும். காலை, மாலை நெரிசலில் நாற்காலி இடம் ஏற்கனவே நிரம்பியிருந்தால் அடுத்த பஸ்தான். காலை பத்தரையிலிருந்து மாலை நாலுக்குள் ஏறுங்கள். 65ஆம் எண் சிராங்கூன் சாலை, ஆர்ச்சர்ட் சாலை வழியாகத் துறைமுக முனை வரை போகும். 36 விமான நிலையத்திலிருந்து மரின் பரேட், சன்டெக், ஆர்ச்சர்ட்.

இலவச நடைச் சுற்றுலாக்கள் என்று விளம்பரம் பார்ப்பீர்கள். முடிவில் அன்பளிப்பு கொடுக்க வேண்டியிருக்கும், சைனாடவுன், கம்போங் கிளாம் ஐந்தடிப் பாதைகளில் வேகமாக நடப்பார்கள், கூட்டம் நாற்காலிக்காகக் காத்திருக்கும்போது உட்கார்ந்திருப்பவருக்குத்தான் சங்கடம். பாதையில் படி இருக்கிறதா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டு, தெளிவான பதில் வந்தால் மட்டும் போங்கள்.

## ஒரே பார்வையில்

| இடம் | தள்ளுவது | மழை வந்தால் | மறைமுகச் செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| மரினா பே | சுலபம், தூரம் அதிகம் | ஓரளவு ஒதுங்கலாம் | காத்திருப்பு, தண்ணீர் விலை | ஒரே மாலை உள்ளவர் |
| கரையோரப் பூந்தோட்டங்கள் | மிகச் சுலபம் | காட்சி ரத்தாகலாம் | கழுத்து வலி | குழந்தைகளோடு வருபவர் |
| பூமலை | டாங்லின் பக்கம் சுலபம் | சிரமம் | இல்லை எனலாம் | காலையில் எழுபவர் |
| தேக்கா | கடினம் | கடைக்குள் ஒதுங்கலாம் | துணைக்கு ஆள் | பேச ஆள் தேடுபவர் |
| ஜுவல் | மிகச் சுலபம் | கவலையில்லை | கடைகள் | பயண நாள், மழை நாள் |
| வன நடை | பாட்டரி நாற்காலிக்கு மட்டும் | சிரமம் | இரு வழி டாக்சி | காட்டைப் பார்க்கும் ஆசையுள்ளவர் |
| பஸ் | சுலபம் | கவலையில்லை | இரண்டு வெள்ளி சில்லறை | களைத்தவர் |

ஆரம்பத்தில் கேட்ட அந்தத் தம்பிக்கு நான் சொன்னது: முதல் நாள் காலை டாங்லின் வாசல் வழியாகப் பூமலை, மதியம் வீட்டில் தூக்கம். இரண்டாம் நாள் மாலை 7:45க்குப் பூந்தோட்டம், 9 மணிக்கு ஸ்பெக்ட்ரா. மழை பிடித்தால் எதையும் யோசிக்காமல் ஜுவல். தேக்காவுக்குத் தங்கை வீட்டுக்காரரும் கூட வந்தால் மட்டும்.

போய்வந்த பிறகு செய்தி அனுப்பியிருந்தார். இரண்டு நாளும் திட்டப்படி நடந்ததாம், அப்பா ஒளிக்காட்சியில் பாதி நேரம் தூங்கிவிட்டாராம். ஆனால் வழியில் ஒரு பஸ்ஸில் ஓட்டுநர் இறங்கி வந்து குனிந்து பலகையை விரித்துப் போட்டதை மட்டும் அன்றிரவே மாயவரத்துக்கு ஃபோன் போட்டு மூன்று பேரிடம் சொன்னாராம். கிளம்பும் நாள் காலையில் அவராகவே கேட்டு, 65ல் ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்தார்களாம்.